முப்பத்திரண்டு எம்பி மெமரியும் பேச்சியம்மாவின் வேலையும்

பேச்சியம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இருபது வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைக் குளிர்பதனக் கிடங்கு. அறையில் வெப்பம் ஏறினால் மணி அடிக்க வேண்டும். அதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும் மணி அடிக்கும் புரோகிராமும் போட்டுக் கொடுத்தவன் நான். அதில் மெமரி முப்பத்திரண்டு எம்பிதான். மணி அடித்தால் ஓடிப்போய்ப் பார்ப்பது பேச்சியம்மாவின் பொறுப்பு. ஒரு நாள் காலை குளிரூட்டும் கம்ப்ரஸரின் பெல்ட் அறுந்துவிட்டது. அவர் வெளியே லாரியில் பழப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கதவைத் திறந்தால் பழமெல்லாம் வேர்த்து, காம்பு கறுத்துக் கிடந்தது.

மணியே அடிக்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். முதலாளி நம்பவில்லை. "லாரிக்காரன்கிட்ட சிரிச்சுக்கிட்டு நின்னா மணி எங்கிட்டுக் கேக்கும்?" என்றாராம், அத்தனை பேர் முன்னால்.

கம்ப்யூட்டர் தனக்குள் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாகைத் திறந்தேன். அவுட் ஆஃப் மெமரி என்று ஒரு வரி. மெமரி தீர்ந்துபோனால் லினக்ஸின் உயிர்நாடியான கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும். அன்று விடியும்போதே மணி புரோகிராமைக் கொன்றிருந்தது. மெமரியைத் தின்றது எது? வெப்பத்தைக் கலர் கலராகக் கோடு போட்டுக் காட்டும் படம். வருகிறவர்கள் பார்த்து அசர வேண்டும் என்று முதலாளி கேட்டார். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி தாங்காது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

படத்தையும் அதைச் சுமந்த எக்ஸ் விண்டோவையும் தூக்கினேன். போன் லைனே இல்லாத பெட்டியில் மெயில் அனுப்பும் சென்ட்மெயில் எதற்கு? பிரிண்டர் இல்லாத இடத்தில் பிரிண்ட் சர்வீஸ் எதற்கு? நிறுத்தினேன். ஆள் உள்ளே நுழைய ஆறு லாகின் கன்சோல் திறந்து கிடந்தன, ஐந்தை அடைத்தேன். மெமரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஃப்ரீ கமாண்ட் போட்டால் பாதிக்கு மேல் காலி.

முதலாளி கறுப்புத் திரையைப் பார்த்து, "படம் எங்கய்யா? நாளைக்கு பேங்க்ல இருந்து வர்றாக" என்றார்.

"படந்தான் முதலாளி மணிய நிப்பாட்டுச்சு. கேட்டது நீங்க, போட்டது நான். அந்தம்மாவ எதுக்கு அனுப்புனீக?"

முதலாளி அவரைக் கூட்டிவர ஆள் விட்டார். பேச்சியம்மா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நான் சொன்னப்ப கேக்கல. பெட்டி சொன்னதும் கூப்புடுறீக. அப்ப பெட்டியவே லோடு ஏத்தச் சொல்லுங்க."

திரும்பிப் போய்விட்டார்.

தம்பிகளே, மெமரிச் செலவைக் குறைக்கும் வழியெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பெட்டி படுத்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், ஃப்ரீ கமாண்டைப் பிறகுதான் போடுவேன். முதலில் பக்கத்தில் நின்ற ஆளைக் கேட்பேன். அவர் சொல்வதை நம்பிவிட்டுத்தான் லாகைத் திறப்பேன்.