எர்ணாவூருக்கு நான்கு மூட்டை சக்கை

காலை ஆறேகால் மணி, ராயபுரம். பார்சல் லாரி ஷெட்டின் வாசலில் எனக்கு வந்த நான்கு மூட்டைகளையும் இறக்கி வைத்திருந்தார்கள். உத்தரகாண்ட் மலையிலிருந்து புறப்பட்டு வந்தவை. ஒரு மூட்டையின் ஓரம் கிழிந்து வெளிர் மஞ்சள் சில்லுகள் தரையில் சிந்தியிருந்தன. காவலாளி அவற்றைத் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கடை ஓரம் தள்ளினார். அவருக்கு அது வைக்கோல். நானோ யாராவது பார்க்கிறார்களா என்று தெருவின் இரு பக்கமும் பார்த்தேன்.

மூட்டையில் இருந்தது கஞ்சாச் செடியின் தண்டுச் சக்கை. பதற வேண்டாம். போதைக்கு வளர்ப்பது ஒரு ரகம், நாருக்கும் விதைக்கும் வளர்ப்பது வேறு ரகம். இரண்டாவதை ஹெம்ப் என்கிறார்கள். புகைத்தால் தலைவலிதான் மிச்சம். நார் துணிக்கும் கயிற்றுக்கும் போய்விடும். மிஞ்சும் சக்கையைச் சுண்ணாம்போடு கலந்து சுவர்க்கல் செய்யலாம். நம் சட்டப்படி தண்டு குற்றமில்லை. ஆனால் செடியை நட அரசு அனுமதி வேண்டும். உத்தரகாண்டில் கொடுக்கிறார்கள், தமிழ்நாட்டில் நான் அறிந்தவரை இன்னும் இல்லை. கொடுக்க வேண்டும், எத்தனையோ பேருக்கு வேலை கிடைக்கும் என்று நான் பல கூட்டங்களில் கை ஓங்கிப் பேசியவன். மூட்டையோடு தெருவில் நின்ற அன்று காலை ஒரு டீ குடிக்கக்கூட மூட்டையை விட்டு நகரவில்லை.

குட்டியானை வண்டிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசினேன். ஓட்டுநர் பெயர் பாஸ்கர், காசிமேட்டுக்காரர். ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் அதுவே வெளியூர்ப் பயணம். இடது பக்கம் லாரிகள், வலது பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கற்கள், நடுவில் நாங்கள். மீன் வாடையும் டீசல் வாடையும் மாறி மாறி வந்தன.

தண்டையார்பேட்டை தாண்டியதும் பாஸ்கர் கேட்டார், "மூட்ட இவ்ளோ லேசா கீதே, இன்னா சார் லோடு?"

மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன். அவர் பிரேக் போட்டதில் நான் கண்ணாடியில் முட்டிக்கொண்டேன். பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். தண்டு, சட்டம், உத்தரகாண்ட் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பாஸ்கர் சாலையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இத்தயெல்லாம் கேட்டுட்டு அடிப்பானா, அடிச்சிட்டு கேப்பானா?"

திருவொற்றியூரில் போலீஸார் தடுப்பு வைத்து வண்டிகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கரின் உதடு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தது. எனக்குச் சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. முன்னால் போன மோட்டார் பைக்கை நிறுத்தினார்கள், எங்களைக் கை காட்டிப் போகச் சொன்னார்கள்.

எட்டு மணிக்குச் சரோஜாவின் கல் அறுக்கும் களத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரை, இரண்டு அச்சு மெஷின், சாம்பல் குவியல். அத்திப்பட்டு அனல் மின்நிலையத்திலிருந்து டிப்பரில் வரும் சாம்பலை சிமென்டோடு கலந்து கல் செய்கிறார்கள். சரோஜாவோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லோரும் பக்கத்து மறுகுடியிருப்பு மாடி வீடுகளில் இருப்பவர்கள். வெயில் காலத்தில் அந்தச் சுவர்களைத் தொட முடியாது. சூட்டை உள்ளே விடாத கல் ஒன்று உண்டு என்று நான் பேசியதை ஒரு கூட்டத்தில் கேட்டு, செய்து பார்க்கிறேன், சக்கை அனுப்பு என்று விடாமல் போன் செய்தவர் சரோஜா. அவர் கணக்கு எளிமையானது. மலையிலிருந்து சக்கை வந்தால் கட்டுப்படியாகாது. பக்கத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நட விட்டால் இன்னும் பத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கலாம். அதற்கு முதலில் யாராவது ஒரு கல்லைச் செய்து காட்ட வேண்டும்.

அன்று களத்தில் ஓர் ஆள் குறைந்தது. சரோஜாவின் தம்பி குமார். கலவை போடுவதெல்லாம் அவர்தான். அவர் எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

ஏன் என்று கேட்டபோது சரோஜா குரலைத் தாழ்த்திச் சொன்னார். சில வருடம் முன்பு தோஸ்து ஒருவனின் பைக்கில் கஞ்சாப் பொட்டலம் சிக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த குமாரும் சேர்ந்து உள்ளே போனார். வழக்கு இன்னும் முடியவில்லை. போதாததற்கு, ஒரு வருடம் ஒழுங்காக இருப்பேன் என்று போலீஸில் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதில் நான்கு மாதம் பாக்கி. அதற்குள் ஏதாவது ஒன்றில் பெயர் அடிபட்டால் மறுபடி உள்ளே. குமாருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அதனால் அக்காவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மூட்டை இருக்கும் வரை குமார் களத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே எவ்வளவு தண்ணீர், எப்போது நிறுத்துவது என்று சொல்லுவார்.

நான் மூட்டையைப் பார்த்தேன், எதிர்ச்சாரியைப் பார்த்தேன். இந்த ஊருக்கு நல்லது கொண்டுவருகிறோம் என்ற நினைப்பில் கிளம்பியவன் நான். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சாமானைக் கொண்டுவந்திருக்கிறோமோ என்று அப்போதுதான் பயந்தேன்.

நடந்தது எல்லாம் அடுத்த கால் மணி நேரத்தில். புதுச் சரக்கு முதன்முதலாக இறங்கினால் அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டி, வந்த சரக்கில் ஒரு கை அள்ளிச் சாம்பிராணித் தணலில் போடுவார்கள். சாம்பல் வந்தால் சாம்பல், சுண்ணாம்பு வந்தால் சுண்ணாம்பு. தனம் என்ற பெண்தான் எப்போதும் செய்வார். அன்றும் செய்தார். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கிழிந்த மூட்டையிலிருந்து இரண்டு கையும் கொள்ள அள்ளித் தணலில் போட்டுவிட்டார். சாம்பலும் சுண்ணாம்பும் எரியாது. இது எரிந்தது. குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பிச் சாலைக்குப் போனது.

"அடியே, அது கஞ்சா செடிடி" என்றார் சரோஜா. சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

தனம் தண்ணீருக்கு ஓடினார். அதற்குள் டீக்கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஏட்டு ஒருவர், கூட ஒரு காவலர். தினமும் டீ குடிக்க வருபவர்கள்தான். இருவரும் புகையைப் பார்த்தார்கள். குமார் எழுந்திருக்கவில்லை. எழுந்து நடந்தால் ஓடுவதாகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். கையில் டீ கிளாஸ் இருந்தது. குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

ஏட்டு களத்துக்குள் வந்தார். என்ன எரிகிறது என்று கேட்டார். சரோஜாதான் பேசினார். கஞ்சாச் செடித் தண்டு, போதை கிடையாது, கல் செய்யக் கொண்டுவந்தது என்று மறைக்காமல் சொன்னார். நான் லாரி ரசீதை நீட்டினேன். ஏட்டு ரசீதை வாங்கவில்லை. குனிந்து புகையை மோந்து பார்த்தார். பிறகு ஒரு கை சக்கையை எடுத்துக் கசக்கி மோந்தார். அந்தத் தெருவில் கஞ்சா வாசனை தெரியாதவர் யாரும் இல்லை. எல்லோரும் மூக்கை விரித்துக்கொண்டு நின்றோம். எரிந்த வைக்கோல் நாற்றம்தான் வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஏட்டு சாலையைக் கடந்து குமாரிடம் போனார்.

"கைய காட்டு."

குமார் கிளாஸை வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தார். எந்த நாளும் சாம்பல் படிந்து வெளுத்திருக்கும் கைகளாம் அவை. அன்று சுத்தமாக இருந்தன. ஏட்டு புரட்டிப் பார்த்தார், நகக்கண்ணையும் பார்த்தார்.

"தொட்டியா?"

"இல்ல சார்."

"தொடாத."

திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் சக்கை கட்டிக்கொண்டார். மேலே கேட்டுச் சொல்கிறேன், அதுவரை மூட்டை இங்கேயே இருக்கட்டும் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பைக் போன பிறகும் குமார் கைகளை மடக்கவில்லை.

பத்து மணிக்குக் கலவை போட்டார்கள். மூட்டை இருக்கட்டும் என்றுதானே சொன்னார், எடுக்காதே என்று சொல்லவில்லையே என்றார் சரோஜா. எனக்கு வேண்டாம் என்றிருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் முன்னால் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. சுண்ணாம்பு, சாம்பல், சக்கை, தண்ணீர். எதிர்ச்சாரியிலிருந்து குமார் கத்துவார், நடுவே லாரி போகும், அவர் சொன்னது பாதி காதில் விழாது. இரண்டு முறை தண்ணீர் அதிகமாகிவிட்டது. மூன்றாவது கலவையில் நான்கு கல் அறுத்தார்கள். ஓரம் நொறுங்கிய, சொரசொரப்பான கற்கள். காய்ந்து முடிய வாரங்கள் ஆகும்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். கத்திவாக்கம் ரயில் நிலையம் வரை குமார் கூட வந்தார். மலையில் இந்தச் செடியை யார் அறுக்கிறார்கள் என்று கேட்டார். பெண்கள், ஆண்கள், எல்லோரும் என்றேன். அங்கே போனபோது நான் தங்கிய வீட்டில் மிஞ்சிய சக்கையை மாட்டுக்கு அடியில் பரப்புவார்கள் என்றும் சொன்னேன்.

"தொட்டா ஒண்ணும் ஆவாதா?"

"ஆகாது."

இன்னும் இரண்டு மூட்டை அனுப்பட்டுமா, நான்கு மாதம் கழித்து நீங்களே கலக்கலாம் என்றேன்.

"அனுப்பாத சார். எங்க அக்கா வூட்டுக்கு எதுவும் அனுப்பாத."

சென்ட்ரலுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நான் கரூர்க்காரன். எங்கள் ஊரில் சட்டையில் பஞ்சும் நூலும் ஒட்டாத ஆளைப் பார்க்க முடியாது. யாரும் தட்டிவிடக்கூட மாட்டார்கள். விம்கோ நகர் தாண்டியபோது என் சட்டைப் பையோரம் இரண்டு சில்லு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எடுத்து ஜன்னல் வழியே போடப் போனேன். திருவொற்றியூரில் ஒரு ரயில்வே போலீஸ்காரர் ஏறி எதிரே உட்கார்ந்தார். சில்லுகளைக் கைக்குள் மூடிக்கொண்டேன். என்னைப் பார்க்கவேயில்லை, போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டு குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். அதை நூறு பேர் முன்னால் பேசியவன் நான். என் மேல் வழக்கு இல்லை, எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லை.

அவர் கொருக்குப்பேட்டையில் இறங்கினார். சென்ட்ரல் வரும்வரை நான் கையைத் திறக்கவில்லை.