சம்மட்டிக்காரி தவறவிட்ட கெடு

கோர்ட்டிலிருந்து வரும் சம்மனுக்கு எங்கள் ஊரில் கிடைக்கிற மரியாதை வேறெந்தக் காகிதத்துக்கும் கிடைக்காது. பீரோவைத் திறந்து, நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பதில் போட மட்டும் மாட்டார்கள். கெடு முடிந்து, ஒருதலைத் தீர்ப்பாகி, தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா வந்து கதவைத் தட்டும்போதுதான் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வருவார்கள். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நான் கத்துவேன். முப்பது வருஷமாகச் சொத்து வழக்கில் எதிர்வாதிகளுக்கு வக்கீலாக இருப்பவனுக்குத் தொண்டை மிச்சமிருப்பதே பெரிய விஷயம்.

சம்மட்டிக்காரி அந்த ரகம் இல்லை. சம்மன் கைக்கு வந்த மறுநாளே என் அறைக்கு வந்து நின்றாள். புகை மண்டிய முகம், ஆண்பிள்ளைச் சட்டை, இடது காதில் பாதி இல்லை. பழைய லாரியைப் பிரிக்கும்போது ஒரு ஸ்பிரிங் தெறித்துக் கொண்டுபோனது. பழைய இரும்புக் கடை அவளுடையது. புருஷன் சாவதற்கு முன்பே இடத்தை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டான். இஞ்சினை உடைக்க ஆள் வைத்ததில்லை, அவளே சம்மட்டியை எடுப்பாள். இடத்தின் பின்பக்கம் ஒரு தகர அறை. அவளும், லோடு வண்டி ஓட்டுகிற மகளும் அங்கேதான் குடியிருந்தார்கள். அந்த இடத்தை விட்டால் இரண்டு பேருக்கும் போக்கிடம் கிடையாது.

வழக்குப் போட்டவன் அவள் கொழுந்தன். அண்ணன் போட்ட கையெழுத்தே பொய், இடம் தன்னுடையது என்பது அவன் கட்சி. சம்மன் வருவதற்கு முன்பு ஒருநாள் டேப் வைத்து இடத்தை அளக்க வந்திருக்கிறான். அவள் ஒரு பைப்பை எடுத்து வீசியதில் அவனுடைய முன்பல் இரண்டு போய்விட்டது.

"அன்னைக்கு ஓடினவன்தான் சார். அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்," என்றாள்.

"முடியாது. அவர் காகிதத்துல அடிக்கிறார், நீங்களும் காகிதத்துலதான் அடிக்கணும். முப்பது நாளைக்குள்ள பதிலுரை போடலைன்னா, அவர் சொன்னதெல்லாம் உண்மைன்னு கோர்ட்டு எடுத்துக்கும்."

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொல்லுவாங்களே சார்."

"அது கோர்ட்டு வாசல் வரைக்கும்தான்மா."

அவள் சொல்லச் சொல்லக் கேட்டு, பத்திரத்தைப் பார்த்து, பதிலுரையை எழுதி முடித்தேன். நல்ல பதிலுரை, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. கெடு முடிகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். முன்னாடியே வரச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். கட்சிக்காரர்கள் கடைசி நாளைத் தவிர வேறு நாளில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை.

அன்று மத்தியானம் கொழுந்தன் இரண்டு தடியன்களோடு வந்து, கேஸ் கட்டரால் அவள் கேட்டை அறுக்க ஆரம்பித்திருக்கிறான். அவள் குளித்து, சேலை மாற்றி, என்னிடம் வரக் கிளம்பி நின்ற நேரம். ஒருத்தன் கம்பியால் அவள் தோளில் போட்டான். அவள் கையில் கிடைத்த சங்கிலியைச் சுழற்றியதில் அவன் தாடை கிழிந்து தொங்கியது. இரண்டாமவன் கட்டரைப் போட்டுவிட்டு ஓடினான். கொழுந்தன் அவள் தலைமயிரைப் பிடித்து எடைமேடை வரை இழுத்துப் போனான். அங்கே சம்மட்டி சாய்த்து வைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய இரண்டு மணிக்கட்டும் சப்பையாகிக் கிடந்தன.

அதற்கப்புறம் அவள் தலைமறைவு. போலீஸ் கேஸுக்கு வேறொரு வக்கீலைப் பிடித்தாள். அவர் பெரிய கெட்டிக்காரர். அன்றைக்கு அவள் ஊரிலேயே இல்லை, வெளியூரில் அக்கா வீட்டில் இருந்தாள் என்று எழுதிக் கொடுத்து, அக்காவையும் சொல்ல வைத்து, ஜாமீன் வாங்கிவிட்டார். அவள் திரும்பி என் அறைக்கு வந்தபோது கெடு முடிந்து, கூடுதலாகத் தரக்கூடிய நாளும் முடிந்து, ஒருதலைத் தீர்ப்பு ஆகியிருந்தது. நான் எவ்வளவு கத்தினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது.

தீர்ப்பை நீக்கக் கேட்டு மனுப் போடலாம். ஆனால் கெடுவுக்குள் ஏன் வரவில்லை என்று கோர்ட்டுக்குக் காரணம் சொல்லவேண்டும். அங்கேதான் சிக்கல்.

"அக்கா வீட்டுல சும்மா இருந்தீங்கன்னா, ஏன் வரலைன்னு கேப்பாங்க. பதில் இல்ல. இடம் போயிடும். கேட்டுல சண்டை நடந்துதுன்னு உண்மையைச் சொன்னா இடத்துக்கு வழி இருக்கு. ஆனா போலீஸ் கேஸ்ல சொன்னது பொய்யாயிடும், நீங்க உள்ள போயிடுவீங்க."



"நான் வெளிய இருந்து என்ன சார் பண்றது? இடம் போனா என் பொண்ணு எங்க படுப்பா? உண்மையையே எழுதுங்க."

விசாரணை நாளில் கொழுந்தன் கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தான். இரண்டு கையிலும் மாவுக்கட்டு. அவன் சட்டைப் பித்தானை அவன் மனைவி போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முன்பல் இல்லாத வாயால் சிரித்தான்.

"கெடு என்னைக்குன்னு எனக்கும் தெரியுமே அண்ணி. ரெண்டு கைக்கு ஒரு இடம். எனக்கு நஷ்டம் இல்ல."

அந்த வெள்ளிக்கிழமை அவன் அடி வாங்குவதற்கென்றே வந்திருக்கிறான். அவளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால், அவள் தன் வலது கையை இடது கையால் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாள். கட்டர், கம்பி, தலைமயிர், சம்மட்டி. எதிர்த்தரப்பு வக்கீல் துருவித் துருவிக் கேட்டும் ஒரு சொல் மாறவில்லை. நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டதைப் பார்த்து, பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது அவரே ஒன்று கேட்டார்.

"ஒரு கை உடைஞ்சதும் அவர் விழுந்துட்டார்னு சொன்னீங்க. அப்புறம் இன்னொரு கை எப்படி உடைஞ்சுது?"

நான் அவளைப் பார்த்தேன். தெரியாது என்று சொல்லலாம். தள்ளுமுள்ளில் நடந்தது என்று சொல்லலாம். எனக்கே அது அப்படித்தான் நடந்தது என்ற நினைப்பு.

"கையெழுத்துப் போட வக்கீல்கிட்ட போகலாம்னு வண்டியில ஏறிட்டேன்யா. பொண்ணு ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தா. இவன் கீழ கிடந்துக்கிட்டே, இவ என் அண்ணனுக்குப் பொறந்தவளே இல்லைன்னான். இறங்கிப் போய் அந்தக் கையையும் உடைச்சேன்."

"அவர் உங்களைத் தடுக்கலையே?"

"இல்லைங்கய்யா. அது நானா போய் உடைச்சது."

மனு தள்ளுபடி. கேட்டில் நடந்தது அவளைத் தடுத்தது உண்மை, வண்டியிலிருந்து இறங்கியது அவளே தேடிக்கொண்டது, அதற்குக் கோர்ட்டு நாள் தர முடியாது என்று எழுதினார். நியாயம்தான். ஆனால் பொய் சொன்ன அக்கா தன் வீட்டுக்குப் போய்விட்டாள், கையைக் கொடுத்து இடத்தைப் பிடித்தவன் சிரித்தபடி படியிறங்கினான். உள்ளதைச் சொன்னவளுக்கு அந்த வாரமே ஜாமீன் ரத்தானது.

மிச்சமிருந்தது மேல்முறையீடு. அதற்கும் முப்பது நாள். வக்காலத்தில் அவள் கையெழுத்து வேண்டும். ஜெயிலில் அவளைப் பார்க்க மகள் பேரில் அனுமதி கிடைத்த ஒரே நாள், கெடு முடிகிற அதே நாள். பன்னிரண்டு மணிக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். நான் காலையிலேயே காகிதங்களோடு மகளைக் கூட்டிப்போக இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே அமீனாவும் இரண்டு போலீஸ்காரர்களும் கொழுந்தனும் நின்றிருந்தார்கள். இடத்தை ஒப்படைக்க அவன் கேட்டு வாங்கிய நாளும் அதுதான்.

அமீனா நல்ல மனிதர். சாமானை ஏற்றிக்கொள்ள நேரம் கொடுத்தார். மகள் பேசாமல் ஏற்றினாள். கட்டிலை எடுத்தபோது கொழுந்தன் காலால் உதைத்துத் தள்ளினான். பாத்திரக் கூடையை உதைத்தான். கட்டுப் பிரித்த அவன் கைகள் இரண்டும் கோணலாகத் தொங்கின. மிச்சமிருந்தது கால் மட்டும்தான். அவள் குனிந்து பொறுக்கும்போது முகத்தில் துப்பினான். போலீஸ்காரர்கள் தெருவைப் பார்த்தார்கள். எச்சிலைத் தோளில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் வந்து கேட்டின் நடுவே, வண்டிக்கு நேர் எதிரே நின்றான்.

"உங்கம்மாவுக்குப் பொறந்தவளா இருந்தா ஏத்துடி பாக்கலாம்."

அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், இஞ்சின் அலறியது. அவன் நகரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். ஏற்று, ஏற்றித் தொலை என்று என் மனசு சொன்னது. வக்கீல் மனசுதான் சொன்னது.

"ஜெயில்ல எத்தனை மணி வரைக்கும் சார் விடுவாங்க?"

"பன்னெண்டு."

அவள் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். வண்டி பின்னால் பாய்ந்து, அவள் படுத்திருந்த தகர அறையின் மூலையைப் பிய்த்து, பின்வேலியின் தகரத்தையெல்லாம் கிழித்துக்கொண்டு பின்தெருவில் போய் விழுந்தது. என் மண்டை கூரையில் மோதியது. பின்கண்ணாடி நொறுங்கி ஒரு சில்லு அவள் நெற்றியைக் கிழித்தது. அமீனா கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். தகரத்துக்கு ஒரு வழக்கு வரும், வரட்டும்.

பன்னிரண்டுக்குச் சற்று முன்பு உள்ளே விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்த சம்மட்டிக்காரி மகளின் நெற்றி ரத்தத்தைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"யாரை அடிச்சுட்டு வந்தே?"

"யாரையும் இல்லம்மா. கையெழுத்துப் போடு, நேரமாச்சு."