ஆவணியில் பார்த்த காணி

நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் லார்ஸ், நோர்வேக்காரர். டிசம்பரில் ஊருக்குப் போகிறேன் என்றதும், அங்கே இப்போது காலநிலை எப்படி என்று கேட்டார். மோசம் என்றேன். எத்தனை பாகை? இருபத்தாறு. "மைனஸா?" என்றார் இரக்கத்தோடு. இல்லை, பிளஸ் என்றதும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று முழுதும் போகிற வருகிற எல்லோருக்கும், இருபத்தாறு பாகையை மோசமான காலநிலை என்று சொல்லும் மனிதன் இவன்தான் என்று என்னைக் காட்டினார். மழை, கடும் மழை என்று விளக்கிப் பார்த்தேன். குடை கொண்டுபோ என்றார். மட்டக்களப்பு மாரியைச் சொல்ல என் நோர்வே மொழியில் சொல் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த மாரியை நானே கண்டு இருபத்துநான்கு வருடமாகியிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்தது ஆகஸ்ட் மாத ஊர் மட்டுந்தான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வந்து பழகியதால், அவர்கள் வளர்ந்த பிறகும் அந்த மாதத்திலேயே வருகிறோம். கோடையின் வறண்ட கச்சான் காற்று அடிக்கும். முற்றம் காய்ந்து கிடக்கும். ஆறு அடக்கமாக, நல்ல பிள்ளையாகத் தன் இடத்தில் இருக்கும். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறு. போன ஆகஸ்டில் கல்லடிப் பக்கம் ஆற்றோரமாக இருபது பேர்ச் காணி ஒன்றை நானும் மனைவியும் பார்த்தோம். ஏழு தென்னை, நல்ல காற்று. பென்ஷன் எடுத்ததும் இங்கே வந்து இருந்துவிடுவோம் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தோம். அவளுக்கு லீவு கிடைக்காததால் உறுதிப் பத்திரம் எழுத நான் மட்டும் வந்தேன். திங்கட்கிழமை காலை நொத்தாரிசிடம் போகவேண்டும். அதற்கு முந்திய சனி ஞாயிறைச் சீனித்தம்பி சேர் வீட்டில் கழிக்கலாம் என்று நினைத்தேன்.

சேர் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நோர்வேக்குப் போகுமுன் ஆறு வருடம் அவருக்கு அளவுச் சங்கிலி பிடித்தேன். செங்கலடி, கரடியனாறு என்று அவரோடு நான் மிதிக்காத வரம்பு குறைவு. எனக்குத் தெரிந்த தொழில் அதுவொன்றுதான். அங்கே போனதும் அதுவும் உதவவில்லை. சனிக்கிழமை வங்கக்கடலில் தாழமுக்கம் என்று வானொலி கத்திக்கொண்டிருக்க, ஓட்டோவில் கல்லடிப் பாலத்தைக் கடந்து தொப்பலாகப் போய் இறங்கினேன்.

"வா மனே. முதல்ல தலையத் துடை, மறுகா கதைப்பம்" என்றார் சேர்.

"ஓம் சேர், பிறகு கதைப்பம்" என்றேன்.

"பிறகா? உண்ட மறுகா எங்க போச்சி? நோர்வேயில விட்டுட்டு வந்திட்டயா?"

அவருடைய மனைவி, நாங்கள் டீச்சர் என்று கூப்பிடுகிறவர், துவாயை நீட்டிக்கொண்டே சிரித்தார். அன்று மழை ஒரு நிமிடமும் விடவில்லை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. கருவாட்டுக் குழம்பும் பிட்டும் சாப்பிட்டோம், படுத்தோம், எழும்பித் தேத்தண்ணி குடித்தோம், திரும்பவும் படுத்தோம். கரம் பலகை ஈரத்தில் ஊறி, அடித்த காய் பாதி வழியில் நின்றது. அதற்கும் நான் அடித்த விதத்தைத்தான் சேர் குற்றம் சொன்னார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கடிகாரம் பார்க்காமல் ஒரு பகல் போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பின்னேரம் காணியின் பிளானை எடுத்துக் காட்டினேன். கெட்டிக்காரன் என்று சொல்வார் என்ற நினைப்பு. கைபேசியில் தரகர் அனுப்பிய படங்களையும் காட்டினேன். சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பிளானின் மூலையில் "மா.பா." என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டு, டீச்சரிடம் இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.

எனக்குக் காது சுட்டது. அந்த இரண்டு எழுத்தும் எனக்கு நன்றாகத் தெரியும். மாரியில் பார்க்கவும். கோடையில் அளந்த ஆற்றோரக் காணி ஒவ்வொன்றுக்கும் சேர் தன் குறிப்புப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதுவார். மாரி பிறந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போவார். தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று தடி நட்டுக் குறித்த பிறகுதான் காணிக்காரரிடம் பேசுவார். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை, அது அவருடைய பழக்கம். அந்தத் தடிகளை நட்டவன் நான். அத்தனையையும் மறந்து, வெள்ளைக்காரன்போல வெயிலில் நின்று காணி பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம்தான் மழை தூறலாகக் குறைந்தது. சேர் ஒரு குடையும் நான் ஒரு குடையுமாகக் காணியைப் பார்க்க நடந்தோம். இரண்டு தெரு தாண்டியதும் பாதை தண்ணீருக்குள் இறங்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். ஏழு தென்னையையும் எண்ணித்தான் என் காணியைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வாசல் வைக்க நினைத்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர். குசினிக்கு என்று மனைவி காட்டிய இடத்தில் ஒருவர் வீச்சுவலையோடு நின்றார்.

"அண்ணே, அதுல நிக்காதீங்க, வலை விழும். ஒள்ளுப்பம் கிறுகி நில்லுங்க" என்று தள்ளி நிற்கக் கைகாட்டினார்.

"தம்பி, இது காணி" என்றேன்.

"காணியா?" சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "ஆறு அண்ணே இது. கடலுக்கு ஆத்துவாய் வெட்டிவிட்டா தண்ணி வடியும். மறுகா மழைக்கு ஏறும்." என் முகத்தைக் கண்டாரோ என்னவோ, "கச்சானுக்க வந்தா வடிவாத்தான் இரிக்கும்" என்று ஆறுதலும் சொன்னார்.

சேர் என் பக்கம் திரும்பவில்லை. "நானும் ஆகஸ்டில பாத்திருந்தா நல்ல காணி எண்டுதான் சொல்லியிரிப்பன்" என்றார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். "நாளைக்கு நொத்தாரிசிட்ட போகல்ல சேர்" என்றேன். "மேட்டுப் பக்கம் வேற பாப்பம். அடுத்த மாரிக்கும் வா" என்றார். காணி போனது பெரிதில்லை. பிறந்த ஊரைப் பார்க்கத் தெரியாதவனாகிவிட்டேனே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அப்போது நோர்வேயிலிருந்து மனைவி கைபேசியில் கூப்பிட்டாள்.

"இரவு முழுக்கப் பனி கொட்டியிரிக்கி. கதவத் திறக்க ஏலாமக் கிடக்கு. எங்கயிருந்து வெட்டத் தொடங்குற?"

"படிக்கு வலப்பக்கம் போகாத, அதுக்கு அடியில ஐஸ் இரிக்கும், சறுக்கும். கராஜ் சுவரோட தொடங்கு. வெட்டின பனிய தபால் பெட்டிப் பக்கம் குவிக்காத, ஏப்ரல்ல உருகி நேரா நிலவறைக்குள்ளதான் வரும். ஆப்பிள் மரத்துக்குக் கீழ தள்ளு. அங்கதான் பள்ளம், தண்ணி தானா ஓடிரும்."

யோசிக்காமல், ஒரே மூச்சில் சொன்னேன். சேர் குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

"அந்த இடத்த வடிவாப் பாத்திரிக்காய் மனே" என்றார்.

வலை தண்ணீரில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும். "என்ன சத்தம் அது? சரி, எங்கட காணி எப்படி இரிக்கி?" என்று கேட்டாள்.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, எந்தக் காணியைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.