பானெட்டில் விரித்த கம்பளி

ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப்பின் உச்சியில் இன்று இரண்டு விளக்கு மாட்டினேன். குருவிகுளம் காட்டுப் பாதையில் பள்ளமே தெரிவதில்லை. போன வாரம் ஓடைக்குள் இறங்கிவிட்டேன்.

"புழுதிக்கு மஞ்சள்தான் லாயக்கு அண்ணாச்சி" என்றார் சங்கரன்கோவில் எலெக்ட்ரீசியன். சரி என்றேன்.

பொழுது சாய்ந்ததும் போட்டுப் பார்த்தால், வெளிச்சம் வெள்ளை பானெட்டில் பட்டு என் கண்ணிலேயே அடித்தது.

"பானெட்டுக்குக் கறுப்பு அடிச்சிருங்க" என்றார்.

"போன மாசம் அடிச்ச பெயின்ட்டு வே! வீட்டுல என்னைய உள்ள விடமாட்டா."

பஸ்ஸுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரர் எழுந்து வந்தார். தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியை பானெட்டில் விரித்துக் கயிற்றால் கட்டினார்.

"இப்பப் போடுங்க."

போட்டேன். தெருமுனை வரை பளிச்சென்று தெரிந்தது.

"கம்பளிய நாளைக்குத் தாரேன்" என்றேன்.

"பனியில அது இல்லாம எப்படிப் படுக்க?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டார். அவருக்கும் குருவிகுளம்தான்.

ஊரில் இறங்கியதும் கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் மேல் விளக்கை அணைத்துவிட்டு, ஊருக்கு அப்பால் இருக்கும் என் வீட்டுக்குப் பழைய விளக்கிலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தேன்.

சந்தையில் கறுப்புக் கம்பளி என்ன விலை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.