சுருட்டை முடியும் இணைச்சீர்க் கூடையும்

என் முடிக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் தேங்காய் நார். பள்ளிக்கூடத்தில் குருவிக்கூடு. எனக்கு இரண்டுமே பிடிக்காது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்? காலையில் அம்மா சீப்பை எடுத்தால் நான் போடும் கூப்பாடு பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே பழக்கம். எண்ணெயை வழிய வழியத் தடவி, இழுத்துப் பிடித்து ரெட்டைச் சடை பின்னி, ரிப்பனால் மடித்துக் கட்டுவாள். மதிய மணி அடிப்பதற்குள் காதோரமெல்லாம் முடி சுருண்டு கிளம்பிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் எட்டாவது படிக்கும்போது, அண்ணனுக்கு அன்னூரில் பெண் அமைந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுடுத்தி, கூறைச்சேலை வைத்த மூங்கில் கூடையைத் தலையில் சுமந்து வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு அடுத்தபடி அன்றைக்கு அவளுக்குத்தான் மரியாதை. அண்ணனுக்கு நான் ஒரே தங்கை. நிச்சயமான நாளிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதில் மண்ணைப் போட்டவர் பெரியம்மா. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வந்தவர், என் தலையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"வீடியோவெல்லாம் எடுக்கறாங்க. இந்தத் தலையோட சபையில நிறுத்துனா நல்லாவா இருக்கும்? எம் புள்ளைக்கு இடுப்புக்குக் கீழ முடி. அவளும் தங்கச்சிதானே, அவளே சீர் செஞ்சுபோடட்டும்."

"நான் படிய வெச்சுப்போடறனுங்க்கா" என்றாள் அம்மா.

படியவில்லையென்றால் கூடை எனக்கில்லை என்று புரிந்தது. அம்மா செய்ததற்கெல்லாம் தலையைக் கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டியைக்கூட வைத்துப் பார்த்தோம். ஒரு கொத்து முடி கருகி, வீடெல்லாம் நாறியதுதான் மிச்சம்.

கல்யாணத்தன்று காலை, பட்டுடுத்துவதற்கு முன்பே, விளக்கெண்ணெயால் தலையை மெழுகி, சவுரிமுடி வைத்து நீளமாகப் பின்னி, ஒத்திகைக்குக் கூடையை ஏற்றினார்கள். இரண்டடி நடந்தேன். எண்ணெய்த் தலையில் கூடை வழுக்கியது. பிடிக்கப் போய்த் தலையைச் சாய்த்தேன், சவுரி கழன்று தரையில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்காமல் தன் மகளைப் பார்த்து, "நீ போயிப் பட்டைக் கட்டு கண்ணு" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சவுரியை அங்கேயே விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனேன். அரப்புத் தூளைக் குழைத்து, பிசுக்கு முழுக்கப் போகும்வரை தேய்த்து அலசினேன். சீப்பைத் தொடவே இல்லை. துண்டால் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் நின்றேன். வம்புக்கு இழுக்க யாரும் இல்லாததால் முடி தன் பாட்டுக்குச் சுருள் சுருளாக எழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அழகாக இருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன்.

பட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, "இப்படியேதான் நான் வருவேன்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மல்லிகைச் சரத்தைச் சுருளுக்குள் செருகினாள். ஊசியே தேவைப்படவில்லை.

"ஏனுங், இணைச்சீர்க்காரப் புள்ளையக் கூட்டியாங்க!" என்று சடங்கு நடத்தும் அருமைக்காரர் குரல் கொடுத்தார். பெரியம்மாவின் மகள் இன்னும் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் எடுத்துக் கொடுக்கக் காத்திராமல் கூடையை நானே தூக்கித் தலையில் வைத்தேன். சும்மாடு வைத்த மாதிரி முடி அதை வாங்கிக்கொண்டது. நாதஸ்வரம் ஆரம்பித்தது. வீடியோக்காரர் விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"புடிச்சுக்க அம்மணி, உழுந்துபோடும்!" என்று பின்னாலிருந்து பெரியம்மா கத்தினார்.

பிடித்திருந்த கைகளையும் எடுத்துவிட்டேன். கூடை அசையவில்லை. சபை பார்க்க, கை வீசிக்கொண்டு அண்ணனிடம் நடந்தேன்.