என் முதுகை நம்பிய மஞ்சுளா அக்கா

மஞ்சுளா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, யாரோ விளையாடுறாங்க என்றுதான் நினைத்தேன். பெங்களூரு நீலசந்திராவில் அப்படி விளையாடுகிற ஒரே ஆள் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

பஸ் கண்டக்டரான அக்காதான் என் குறும்புகளுக்கு முதல் பலி. எதிர்வீடு, வசதி. ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முதுகுவலி வந்து, மாதக்கணக்கில் போகவே இல்லை. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறேன் என்றார் அம்மா. தைலம் தடவிக்கொண்டே திட்டினார். என் பெயர் அப்படி, குறை சொல்ல முடியாது. என் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் பேசினார்கள். என் முதுகைப் பற்றிப் பேசியவர் அக்கா மட்டும்தான்.

ஒருநாள் அவர் வாசலில் ரப்பர் பல்லி வைத்தேன். அலறிவிட்டு, சிரித்து, அதை என் காலடியில் வீசினார். “எடுத்துட்டுப் போடி, வாலு!” நான் குனியவில்லை. தொடையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நட்டமாக வைத்து, மெல்ல உட்கார்ந்து எடுத்தேன். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த சில நாட்கள் என்னை ஜன்னலிலிருந்து கவனித்திருக்கிறார். பிறகு அம்மாவிடம் சண்டைக்கு வந்தார்.

“நடிக்கிறவ யாராவது பாக்கும்போதுதான் நடிப்பா. இவ ஆளே இல்லாதப்பவும் இப்படித்தான் உக்காந்து செருப்பை எடுக்கிறா.”

லீவு போட்டு எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவரும் அவரே. வராந்தாவில் நின்ற கூட்டத்தை, “முந்தே ஹோகி, முந்தே ஹோகி!” என்று, பஸ்ஸில் கன்னடத்தில் ‘முன்னாடி போங்க’ சொல்லும் அதே குரலில் நகர்த்தினார். ஸ்கேனில் முதுகெலும்பு அரித்திருந்தது. ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதித்ததில் டிபி. “இவளுக்கு இருமலே இல்லையே டாக்டர்?” என்றார் அம்மா. எலும்பிலும் வரும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கால் விளங்காமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா அழுதார். அக்கா ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. காப்பி வாங்கி வந்தார்.

மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. “ஜூஸ் கடை போடட்டுமாக்கா?”

“போடு. முதல் கிளாஸ் உனக்குத்தான்.”

சில மாதத்தில் வலி போனதும், மாத்திரையை நிறுத்தலாமே என்றார் அம்மா. அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “வலி இறங்கிடுச்சுன்னு நீயும் இறங்கிடாதடி. டாக்டர் விசில் அடிக்கட்டும்.” டாக்டர் விசில் அடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை நான் இறங்கவில்லை.

நேற்று குனிந்து அக்காவின் காலைத் தொட்டேன். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. அழுகைதான் வந்தது. நடிக்காதே என்று அம்மா சொல்லவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா எனக்கு வைத்துவிட்டுப் போனது இதுதான்: குனிந்து நிமிர ஒரு முதுகு, சொன்னால் நம்புகிற ஒரு அம்மா.