கிரகணத்தன்று நான் சொல்லிக்கொடுத்த பாடம்

இயற்கைக்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறதென்றால், என் மகனின் இதயம் உருவான கிழமையில் அது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது?

இதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. பதில் தெரியாத கேள்வி வந்தால் வகுப்பில் "நாளைக்குச் சொல்லுறன்" என்று தப்பிவிடலாம். வீட்டில், பத்து வயது மகளிடம், அது சரிவரவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்பு, மார்கழி விடுமுறையில், ஒரு காலை நேரம் சூரிய கிரகணம் வந்தது. எங்கள் பக்கத்தில் வளையமாகத் தெரியும் என்றார்கள். அப்போது எனக்கு வயிற்றில் இரண்டு மாதம். மகளுக்கு நாலு வயது. ஓர்ஸ் ஹில்லில் கணவரின் அம்மாவான மாமியோடு ஒரே வீட்டில் இருந்தோம், இப்போதும் அங்கேதான். கணவர் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போயிருந்தார்.

கிரகண நேரத்தில் பிள்ளை வயிற்றில் இருக்கிறவள் வெளியே வரக்கூடாது. கத்தி எடுக்கக்கூடாது, ஊசி தொடக்கூடாது. யன்னலைச் சாத்திவிட்டுப் பேசாமல் படுத்திருக்க வேண்டும். மாமி முதலே பாய் விரித்து வைத்திருந்தார். "நீர் படிச்சனீர், எனக்குத் தெரியும். எண்டாலும் ஒரு மணித்தியாலம் எனக்காகப் படுத்திரும் பிள்ளை," என்றார். மாமியின் சொல்லை நான் தட்டுவதில்லை. படுத்தேன்.

மாமி சாமி அறைக்குள் போன பிறகு மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அயல் பிள்ளைகள் எல்லோரும் முற்றத்தில் நிற்கிறார்களாம், சூரியனை நேரே பார்க்க முயல்கிறார்களாம். கண் கெட்டுவிடுமே என்ற பயத்தில் எழுந்து போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது என்பதும் உண்மைதான்.

கையில் அகப்பட்டது ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட். அதில் இருக்கிற சின்னத் துளைகளை ஊசியால் குத்தித் திறந்தேன். அதை வெயிலில் பிடித்து, கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்தோம். தாளில் துளைக்கொரு வளையமாக ஒளி விழுந்தது. பிள்ளைகள் தாளைச் சுற்றிக் குந்தினார்கள்.

நான் பாடம் நடத்தத் தொடங்கினேன். சூரியன் சந்திரனைவிட ஏறத்தாழ நானூறு மடங்கு பெரிது, ஏறத்தாழ நானூறு மடங்கு தூரத்திலும் இருக்கிறது, அதனால்தான் ஒன்று மற்றதை இப்படி மூடுகிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது சும்மா பொருந்தின அளவில்லை பிள்ளையள். ஆரோ அளந்து வச்சிருக்கினம்," என்றும் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை கெட்டிக்காரி. "அளவு சரியெண்டால் ஏன் ரீச்சர் சுத்திவர வளையம் மிஞ்சுது?" என்று கேட்டாள். சந்திரன் இன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்றேன். "அப்ப அளந்தவர் கொஞ்சம் பிழை விட்டிட்டார்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் அந்தப் பிஸ்கட்டை வாங்கிச் சாப்பிட்டாள்.

மாமி வெளியே வந்தபோது என் கையில் ஊசி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆடியில் மகன் பிறந்தான். இரண்டாம் நாள் உதடுகள் நீலமாகின. அம்புலன்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனோம். இதயத்தின் நடுச்சுவர் மூடாமல் பெரிய ஓட்டை, இரத்தக்குழாய்களும் இடம் மாறியிருக்கின்றன என்றார்கள். என் விரல் ஒன்றைப் பிடித்தபடி இருபத்துமூன்று நாட்கள் இருந்தான். பால்குடிப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, புதைத்தோம். முப்பத்தோராம் நாள் சடங்கும் அவனுக்கு இல்லை. வீட்டில் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. நெஞ்சில் பால் மட்டும் கட்டிக்கொண்டு நின்றது.

என்னால் வந்ததல்ல, காரணம் தேட வேண்டாம், இது தற்செயல் என்று வைத்தியர் அன்பாகத்தான் சொன்னார். ஊசிக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்கு அவர் சொல்லாமலே தெரியும். தெரிந்தும் கலண்டரை எடுத்துக் கிழமைகளை எண்ணினேன். பழைய உயிரியல் புத்தகத்தையும் திறந்து பார்த்தேன். அந்த நடுச்சுவர் சேர்ந்து மூடுகிற காலமும் கிரகணம் வந்த நாளும் ஒன்றாக இருந்தன. புத்தகத்தை மூடி அலுமாரிக்கு மேல் போட்டேன்.

மாமி ஒரே ஒரு முறை, துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரியிடம், குசினியில் மெதுவாகச் சொன்னார்: "ஊசி மட்டும் எடாமல் இருந்திருக்கலாம்." நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மகளும் எங்கேயோ நின்றிருக்கிறாள். அதை நான் கவனிக்கவில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் தேத்தண்ணீரோடு கிரீம் கிராக்கர் வைத்தேன். மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். எத்தனையோ வருடமாக அவள் அதைத் தொடுவதில்லை. வாய்ப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். அன்று களைப்பில் ஏசிவிட்டேன். அவள் அழவில்லை. நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான்தானே அம்மா உங்களை வெளியில இழுத்துக்கொண்டு வந்தனான். அந்தப் பிஸ்கட்டையும் நான்தான் சாப்பிட்டனான். அதாலதானே தம்பி போனவன்?"

நாலு வயதிலிருந்து இதைச் சுமந்துகொண்டு இந்தப் பிள்ளை என் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. நான் அவளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவளை மடியில் இழுத்து, இல்லை, ஒருவரும் செய்யவில்லை, அது தற்செயலாக நடந்தது என்றேன். அவள் யோசித்தாள்.

"அப்ப சூரியனும் சந்திரனும்? ஆரோ அளந்து வச்சதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான்."

"அப்ப நல்லதுக்கு மட்டுமோ ஆள் இருக்கு?"

வானத்தின் அளவு ஒரு மனத்தின் வேலை என்றால், மூடாத சுவரும் அதே மனத்தின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். சுவர் தற்செயல் என்றால், அந்த அளவும் தற்செயல்தான். பொருந்தியதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைச் சிரித்துத் தள்ளியவள் நான்தான். விஞ்ஞானம் அன்றைக்கு நானூறு என்ற எண்ணை மட்டும்தான் தந்தது. மிச்சத்தை நான் சேர்த்தேன். இப்போது அதை எடுத்துவிடவும் பயமாக இருக்கிறது. எடுத்துவிட்டால் மகனுடைய இருபத்துமூன்று நாட்களும் எதற்கென்றே இல்லாமல் போய்விடும்.

கணவரிடம் சொன்னேன். பிள்ளை மறந்துவிடும், கிளறாதே என்றார். அவள் மறக்கவில்லை. காரணமே இல்லை என்பதைவிடத் தானே காரணம் என்பதுதான் அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது போல. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. கடவுளின் விருப்பம் என்று சொன்னால் அவரை வெறுப்பாளோ, வெறும் தற்செயல் என்று சொன்னால் தன்னையும் அப்படியே நினைப்பாளோ என்று மாறி மாறி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இன்னொரு பிள்ளையை வளர்க்கிறவர்கள் இருப்பீர்கள். மூத்த பிள்ளைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற வாதத்தை நான் கேட்கவில்லை. தம்பி போனது அவளால் இல்லை என்று அவள் நம்பக்கூடிய, பொய் கலக்காத ஒரு வசனம் எனக்கு வேண்டும். தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.